குறைந்த செலவில் ஃபிளமெங்கோ கிட்டார்
ஸ்பெயின் நாட்டு இசையான ஃபிளமெங்கோ பழகத் தனி கிட்டார் தேடி அலைய வேண்டாம். நைலான் கம்பி போட்ட பழைய கிளாசிக்கல் கிட்டார் ஒன்றை வாங்கி, சாடிலை (பாலத்தின் மேல் கம்பிகள் படிந்திருக்கும் மெல்லிய பட்டை) தேய்த்து இறக்கி, ஒலித்துளையை ஒட்டி மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒட்டிக்கொண்டால் போதும். படிப்பு முடிந்து காட்பாடியிலிருந்து ஊருக்குக் கிளம்பும் மாணவர்களிடம் விசாரித்துப் பாருங்கள்.

12ஆவது ஃபிரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கீற்று) மேல் தடித்த கம்பியின் உயரம் கிளாசிக்கலில் சுமார் 4 மி.மீ., ஃபிளமெங்கோவில் சுமார் 3 மி.மீ. அந்த 1 மி.மீ. இறங்க, சாடிலின் அடிப்பக்கத்தை உப்புத்தாளில் 2 மி.மீ. தேய்க்க வேண்டும், மேல்பக்கத்தைத் தொடாதீர்கள். விரல் நகம் தட்டும் அடியைத் தகடு வாங்கிக்கொள்ளும். ஃபிளமெங்கோ கிட்டார் செய்யும் சைப்ரஸ் மரத்தின் அந்த வறண்ட, வெடிப்பான ஒலி மட்டும் வராது. பழக இது தாராளம்.

சாடில் பாலத்துக்கு மேல் 3 மி.மீ.கூடத் தெரியவில்லையா, கழுத்து வளைந்திருக்கிறதா, விட்டுவிடுங்கள். ஸ்டீல் கம்பி கிட்டாருக்கும் இது ஆகாது. ஷெல்லாக் (அரக்கு மெருகு) பூசிய கிட்டாரில் தகடு ஒட்டினால், பிரிக்கும்போது பூச்சும் சேர்ந்து வந்துவிடலாம். அப்புறம், வேலூர் வெயிலில் மொட்டைமாடி அறையில் கிடந்த கிட்டார் என்றால் பாலத்தின் விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது.