இளங்கலையும் முதுகலையும் ஒரே திட்டமாக: நெல்லையிலிருந்து பொது நிர்வாகம் படிக்க

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் நாங்குநேரியிலும் அம்பையிலும் வள்ளியூரிலும் ஒரே கேள்விதான்: "கலெக்டர் ஆபீஸ் பக்கம் போகணும்னா என்ன படிக்கணும்?" யாராவது ஒருவர் பொது நிர்வாகம் என்பார். அதை இளங்கலையிலேயே எடுப்பதா, முதுகலைக்கு வைத்துக்கொள்வதா, இரண்டையும் சேர்த்து முடிக்க முடியுமா என்ற இடத்தில் பிள்ளைகளும் பெற்றோரும் குழம்பிவிடுகிறார்கள். பதில் சொல்லும் முன் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இளங்கலையும் முதுகலையும் இணைந்த படிப்பு உண்டு. கடைசி ஆண்டு இளங்கலை மாணவர் சில முதுகலைப் பாடங்களைப் படிப்பார். அந்தப் பாடங்கள் இரண்டு பட்டத்துக்கும் கணக்காகும். நாலும் இரண்டும் ஆறு ஆண்டு என்பது ஐந்தாகக் குறையும். தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களின் கீழ் இளங்கலை மூன்று ஆண்டு, முதுகலை இரண்டு ஆண்டு. நாம் ஏற்கெனவே ஐந்தில்தான் நிற்கிறோம். 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வெளியிட்ட கட்டமைப்பின்படி நான்காண்டு இளங்கலை (160 கிரெடிட், அதாவது படிப்புச் சுமையின் அளவு) முடித்தவருக்கு முதுகலை ஓராண்டு போதும். அங்கும் மொத்தம் ஐந்துதான். எனவே ஆண்டை மிச்சப்படுத்தும் வழியைத் தேடி அலைய வேண்டாம். ஒரே விஷயத்தை இரண்டு தடவை படிப்பதையும், சான்றிதழ் சிக்கலால் பின்னால் ஆண்டுகள் போவதையும் தவிர்க்கலாம். இங்கே சேர்த்துப் படிப்பதன் பயன் அதுதான்.

வரிசை மாறக் கூடாது

பத்து, பன்னிரண்டு, மூன்றாண்டு இளங்கலை, பிறகு முதுகலை. இந்த வரிசையில் ஒரு படி விடுபட்டாலும் தமிழ்நாடு அரசு வேலைக்கு அந்தப் பட்டம் நிற்காது. 2009 ஆகஸ்டில் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை வெளியிட்ட அரசாணை 107 இதைச் சொல்கிறது. இளங்கலை இல்லாமல் திறந்தநிலை முறையில் நேரடியாக எம்.ஏ. வாங்கியவர்கள் முட்டி நிற்பது இங்கேதான். யார் எவ்வளவு சலுகைக் கட்டணத்தில் சொன்னாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இளங்கலையில் அரியர் இருக்கும்போதே எம்.ஏ.வில் சேர்வதும் ஆபத்தானது. சில இடங்களில் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்வார்கள். அரியரை முடித்த மாதம் எம்.ஏ. சேர்ந்த தேதிக்குப் பின்னால் போய்விட்டால், இளங்கலை முடியும் முன்பே முதுகலை தொடங்கியதாகத் தாள் பேசும். சான்றிதழ் சரிபார்ப்பில் அதை விளக்கிக் கரையேறுவது கடினம். ஆறாவது செமஸ்டருக்குள் அரியர் இல்லாமல் வெளியே வருவது மதிப்பெண் சதவீதத்தைவிட முக்கியம்.

எங்கே எதைப் படிப்பது

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990இல் தொடங்கியது, அபிஷேகப்பட்டியில் இருக்கிறது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி மாவட்டக் கல்லூரிகள் அதன் கீழ் வருகின்றன. பாளையங்கோட்டையிலும் பேட்டையிலும் சுற்று வட்டாரத்திலும் எளிதில் கிடைக்கும் கலைப் படிப்புகள் வரலாறு, பொருளியல், தமிழ், ஆங்கிலம், வணிகவியல்தான். பொது நிர்வாகத்தை இளங்கலையாகவே படிக்க வேண்டுமென்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் (இக்னோ) கைக்கெட்டும் வழிகள். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு நெல்லையில் மண்டல மையமும் உண்டு.

ஆனால் இளங்கலை பொது நிர்வாகமாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எம்.ஏ. பொது நிர்வாகத்துக்குப் பொதுவாக எந்தப் பட்டமும் போதும். எனவே எங்கள் பரிந்துரை இது: வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில் நேரடி வகுப்பில் வரலாறோ பொருளியலோ எடுங்கள். வரலாறு எடுத்தால் இந்திய அரசியலமைப்பு சார்ந்த தாள்களையும், பொருளியல் எடுத்தால் பொது நிதி தாளையும் விடாமல் பிடியுங்கள். பொது நிர்வாகத்தை முதுகலையில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் மற்றும் பொது நிர்வாகத் துறை இருக்கிறது. தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் எம்.ஏ. உண்டு. திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தில் அரசியலோடு வளர்ச்சி நிர்வாகம் படிக்கலாம். காசர்கோட்டில் உள்ள கேரள மத்தியப் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகமும் கொள்கை ஆய்வும் சேர்ந்த எம்.ஏ. இருக்கிறது, அதற்குக் கியூட் முதுகலைப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். வெளியூர் போக முடியாதவர்களுக்குத் தொலைநிலை வழி.

நேரடிக் கல்லூரியை வலியுறுத்தக் காரணம் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. தொலைநிலைப் படிப்புக்கு இது கிடையாது, முதுகலைக்கும் கிடையாது. இளங்கலையைத் தொலைநிலைக்கு மாற்றினால் மூன்றாண்டில் 36,000 ரூபாய் வரை கைவிட்டுப் போகும். இதை யோசிக்காமல் சேர்ந்துவிட்டு இரண்டாம் ஆண்டில் கேட்டுப் பயனில்லை.

ஒரே நேரத்தில் இரண்டு பட்டம்

2022 ஏப்ரலில் யுஜிசி இதற்கு வழிவிட்டது. இரண்டும் நேரடி வகுப்பாக இருந்தால் வகுப்பு நேரம் மோதக் கூடாது. ஒன்று நேரடி, மற்றது தொலைநிலை அல்லது இணையவழி எனலாம். இரண்டுமே தொலைநிலையாகவும் இருக்கலாம். முனைவர் பட்டம் இந்த விதிக்குள் வராது. ஒவ்வொரு படிப்பின் சேர்க்கைத் தகுதியையும் இந்த விதி தளர்த்தவில்லை. பி.ஏ. இரண்டாம் ஆண்டில் இருப்பவர் இதைக் காட்டி எம்.ஏ.வில் சேர முடியாது. பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது.

அப்படியென்றால் பி.ஏ. வரலாற்றோடு தொலைநிலையில் பி.ஏ. பொது நிர்வாகமும் சேர்த்துப் படிக்கலாமா? விதி தடுக்கவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். தொலைநிலைப் படிப்பில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. ஆண்டுக்கு 40 கிரெடிட் என்றால் 1,200 மணி. வாரத்துக்குச் சுமார் 23 மணி. ஏரலிலிருந்தோ களக்காட்டிலிருந்தோ தினமும் பஸ்ஸில் பாளைக்கு வந்து போகும் மாணவருக்கு, கல்லூரி போக நாளுக்கு மூன்று மணிக்கு மேல் எங்கிருந்து வரும்? இரண்டிலும் அரியர் விழும். முதலில் சொன்ன வரிசை உடையும். இரண்டு இளங்கலை வேண்டாம்.

இரட்டைப் படிப்புக்குச் சரியான காலம் பி.ஏ. முடிந்த பிறகு வருகிறது. ஊர்க் கல்லூரியில் எம்.ஏ. வரலாறோ பொருளியலோ நேரடியாகப் படித்துக்கொண்டு, எம்.ஏ. பொது நிர்வாகத்தைத் தொலைநிலையில் எடுக்கலாம். முதுகலையில் பாடவேளை குறைவு, வயதும் கொஞ்சம் பக்குவம், பாடங்களும் ஒன்றையொன்று தாங்கும். தேர்வுக் காலமும் ஒத்துவருகிறது: கல்லூரி செமஸ்டர் தேர்வு நவம்பரிலும் ஏப்ரலிலும், இக்னோவின் பருவத் தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். மழையால் நவம்பர்த் தேர்வு தள்ளிப்போனால் மட்டும் டிசம்பரில் இடிக்கும். அதனால் தொலைநிலையின் கனமான தாள்களை ஜூனுக்கு வையுங்கள்.

சேரும் முன் செய்ய வேண்டியவை சில. அந்தப் படிப்புக்கு, நீங்கள் சேரும் அதே ஆண்டுக்கு, யுஜிசி தொலைநிலைக் கல்விக் குழுவின் (டெப்) அங்கீகாரம் இருக்கிறதா என்று அதன் தளத்தில் பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. டிஜிலாக்கர் வழியாக ஏபிசி எண் (கிரெடிட்டுகளைச் சேமிக்கும் கணக்கின் எண்) எடுங்கள். அதை வைத்துத்தான் தொலைநிலைச் சேர்க்கைக்கான டெப் எண் கிடைக்கும். ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் பெயரும் முன்னெழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஊரில் அப்பா பெயரை முன்னெழுத்தாக மட்டும் வைப்பதால் இங்கேதான் பலருக்கு மாட்டிக்கொள்கிறது. ஜூனில் அலையாமல் ஏப்ரலிலேயே திருத்திவிடுங்கள். நேரடிக் கல்லூரி முதல்வரிடம் இரண்டாவது படிப்பைப் பற்றி எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் வாங்கி, நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

தேர்வுக் கணக்கும் வயதும்

பதினேழில் பிளஸ் டூ முடித்தவர் இருபதில் பட்டதாரி. யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வுக்கும் டிஎன்பிஎஸ்சி குரூப் 1க்கும் குறைந்த வயது 21. ஆக முதுகலையின் முதல் ஆண்டு காத்திருப்புக் காலத்தில் அப்படியே பொருந்திவிடுகிறது. யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வில் பொது நிர்வாகம் விருப்பப் பாடம்: தாளுக்கு 250 வீதம் இரண்டு தாள், 500 மதிப்பெண். முதல் தாள் கோட்பாடு, 12 அலகு. இரண்டாம் தாள் இந்திய நிர்வாகம், 14 அலகு. எம்.ஏ. முதலாண்டுப் பாடத்திட்டத்தையும் இந்த 26 அலகையும் ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதி, பொதுவானதைக் குறித்துவிட்டால் குறிப்பேடு ஒன்றே போதும். நிதி நிர்வாகம், நிர்வாகச் சட்டம், பொதுக் கொள்கை ஆகியவை எல்லா இடத்திலும் வரும், அவற்றில் தொடங்குங்கள்.

யுபிஎஸ்சியில் இறுதியாண்டு மாணவரும் முதல்நிலை எழுதலாம். டிஎன்பிஎஸ்சியில் அறிவிக்கை தேதிக்குள் தகுதி கையில் இருக்க வேண்டும். முதல்நிலையில் ஒரு தாள் எழுதினாலும் யுபிஎஸ்சி ஒரு முயற்சியாக எண்ணும். பொதுப் பிரிவுக்கு மொத்தம் 6, பிற்படுத்தப்பட்டோருக்கு 9. பழக்கத்துக்காக எழுதிப் பார்ப்பது வீண். பழக்கத்துக்கு வீட்டில் பழைய வினாத்தாள் இருக்கிறது.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத இடஒதுக்கீடு உங்களுக்கு வரும் என்றால், பட்ட நிலை வேலைகளுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து இளங்கலை வரை எல்லாம் தமிழ் வழியாக இருக்க வேண்டும். கல்லூரியில் பெருமைக்காக ஆங்கில வழிப் பிரிவுக்கு மாறுவது இதை அறுத்துவிடும். இளங்கலையே தகுதியாகக் கேட்கும் வேலைக்கு, எம்.ஏ.வை ஆங்கிலத்தில் படித்தாலும் பாதகமில்லை. இக்னோவின் எம்.ஏ. பொது நிர்வாகம் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான்.

களப்பணி: ஒரே களம், இரண்டு ஆழம்

பொது நிர்வாகத்தைப் புத்தகத்தில் மட்டும் படிப்பவர்கள் எம்.ஏ. ஆய்வேட்டில் திணறுகிறார்கள். இளங்கலையிலேயே ஒரு களத்தைத் தேர்ந்து, முதுகலையில் அதையே ஆழப்படுத்துங்கள். நெல்லைச் சீமையில் களத்துக்குப் பஞ்சமே இல்லை. மானூர்க் கோயில் கல்வெட்டு ஊர்ச் சபை உறுப்பினருக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று வகுத்தது. சோழ மன்னன் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளுக்கும் (919, 921) முந்தையது அது. உள்ளாட்சி பற்றி எழுதும் நெல்லை மாணவர் அங்கிருந்து தொடங்காமல் வேறு எங்கிருந்து தொடங்குவது? 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் பேரிடர் மேலாண்மைக்கு ஓர் ஆய்வுக்களம். 2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமானது நிர்வாகப் பிரிப்புக்கு ஒன்று. தாமிரபரணியில் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். நீர்ப் பங்கீட்டு நிர்வாகத்துக்கு அவை போதும்.

இளங்கலையில் சின்னதாகப் போதும்: உங்கள் ஊராட்சியின் கிராம சபையில் ஓராண்டு உட்காருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள். வந்தவர் எத்தனை, என்ன தீர்மானம், அடுத்த சபைக்குள் எது நடந்தது என்று மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள். கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர் கூட்டத்தையும், பசலி ஆண்டு (வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டு) ஜூன் 30இல் முடிவதை ஒட்டித் தாலுகா அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியையும் (கிராம நிலக் கணக்குத் தணிக்கை) ஒரு தடவையாவது பாருங்கள். வருவாய் நிர்வாகப் பாடம் அதற்குப் பிறகுதான் புரியும்.

எம்.ஏ.வில் ஒரு ஊராட்சியிலிருந்து ஒன்றியத்துக்கு விரியுங்கள். தரவுக்குத் தகவல் உரிமைச் சட்டம் 2005: 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனு, 30 நாளில் பதில். "ஊழல் நடந்ததா?" என்று கேட்டால் பதில் வராது, "இன்ன ஆண்டு, இன்ன பதிவேட்டின் நகல்" என்று ஆவணத்தைக் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கும் காலம் வேண்டும் என்பதால் மூன்றாம் செமஸ்டர் தொடக்கத்திலேயே மனு போய்விட வேண்டும். நான்காம் செமஸ்டரில் போட்டால் ஆய்வேடு முடிந்த பிறகு தபால் வரும். இளங்கலை அறிக்கையின் பத்திகளை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். தரவைப் பயன்படுத்தலாம், வாசகத்தை அல்ல. 2018 யுஜிசி விதிமுறைப்படி, முன்பு எழுதப்பட்டவற்றோடு ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் ஆய்வேடு திரும்பி வரும்.

தாள்கள்

ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது மாற்றுச் சான்றிதழோடு இடப்பெயர்வுச் சான்றிதழும் கேட்பார்கள். அது கல்லூரியில் கிடைக்காது; பல்கலைக்கழகத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதாவது அபிஷேகப்பட்டிக்குத்தான். கடைசி செமஸ்டர் முடிவு வந்த அன்றே தற்காலிகச் சான்றிதழ், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், இடப்பெயர்வுச் சான்றிதழ் மூன்றுக்கும் சேர்த்து விண்ணப்பம் போட்டுவிடுங்கள். தமிழ் வழிச் சான்றைத் தொடக்கப் பள்ளியிலிருந்து ஒவ்வொரு நிறுவனத்திலும் டிஎன்பிஎஸ்சி தரும் படிவத்திலேயே வாங்குங்கள். பள்ளி மூடப்பட்டோ இணைக்கப்பட்டோ இருந்தால் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் விசாரியுங்கள்; அதற்கு நாள் பிடிக்கும் என்பதால் எம்.ஏ. முதலாண்டுக் கோடை விடுமுறையில் இந்த வேலையை முடியுங்கள். நேரடி எம்.ஏ.வும் தொலைநிலை எம்.ஏ.வும் ஒன்றாகப் படித்தவர்கள் இரண்டின் சேர்க்கை ரசீதையும், முதல்வரின் ஒப்புதலையும், அந்த ஆண்டு அங்கீகாரப் பக்கத்தின் அச்சுப் பிரதியையும் ஒரே கோப்பில் வையுங்கள். சரிபார்ப்பு மேசையில் கேள்வி வந்தால் காட்ட வேண்டியவை இவை மூன்றும்தான்.