சர்க்கரை நோய் உள்ளவர்கள் விழித்திரையைக் காத்துக்கொள்வது எப்படி?

சர்க்கரை நோயால் கண்ணுக்கு நேரும் கேடு பெரும்பாலும் வலியோ மங்கலோ இல்லாமல்தான் தொடங்குகிறது. விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நலிவடைந்து, ஆங்காங்கே சிறு கொப்புளங்களாகப் புடைத்து, நீரையும் இரத்தத்தையும் கசியவிடத் தொடங்கிய பின்னரும் நாளிதழின் பொடி எழுத்துகளைத் தடையின்றிப் படிப்பவர்கள் உண்டு. எனவே, பார்வை தெளிவாக இருக்கிறது என்பதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

இரண்டாம் வகை நீரிழிவு சில ஆண்டுகள் வெளியே தெரியாமலே இருந்திருக்கக்கூடும் என்பதால், அது உறுதியானவுடனேயே விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். முதல் வகையினர் நோய் தொடங்கிய ஐந்து ஆண்டுகளுக்குள் பரிசோதனையைத் தொடங்க வேண்டும். அதன்பின் பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறை போதும். பாதிப்பு தென்பட்டால் மருத்துவர் இடைவெளியைக் குறைப்பார். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ள பெண்கள் கருத்தரிக்கத் திட்டமிடும்போதும், கருவுற்ற முதல் மூன்று மாதங்களிலும் கண்ணைக் காட்டிக்கொள்வது அவசியம்.

கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதற்கு ஈடாகாது. சொட்டு மருந்து விட்டு, கண்பாவை விரியும்வரை அரை மணி நேரம்போலக் காத்திருந்து, விழித்திரையை மருத்துவர் நேரில் ஆராய்வதே முறையான பரிசோதனை. மருந்து சற்றே எரியும். பிறகு சில மணி நேரம் அருகிலுள்ளவை மங்கலாகவும் வெளிச்சம் கூசுவதாகவும் இருக்கும் என்பதால், வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, துணைக்கு ஒருவரையும் குளிர் கண்ணாடியையும் உடன் கொண்டு செல்லுங்கள். கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி இரத்தப் பரிசோதனையின் அண்மைய முடிவு, இரத்த அழுத்த அளவு, உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், பழைய விழித்திரைப் படங்கள் ஆகியவை கையில் இருக்கட்டும். விழித்திரை பாதிப்பு எந்த நிலையில் உள்ளது, நடுப்பகுதியில் வீக்கம் இருக்கிறதா, அடுத்து எப்போது வர வேண்டும் என்பவற்றைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தப்பட்டு 1993-இல் வெளியான பெரிய ஆய்வில், சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரை பாதிப்பு புதிதாகத் தோன்றும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. இரத்த அழுத்தமும் இதே அளவு கவனத்துக்குரியது. நம்மில் பலர் சர்க்கரைக்குக் காட்டும் அக்கறையை அதற்குக் காட்டுவதில்லை. புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிட வேண்டும். நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரை வேகமாக இறங்கும்போது, ஏற்கெனவே உள்ள விழித்திரை பாதிப்பு தற்காலிகமாகக் கூடக்கூடும்; இன்சுலின் போன்ற தீவிர சிகிச்சையைத் தொடங்குமுன் கண்ணைப் பரிசோதித்துக்கொள்வது இதனால்தான். சிகிச்சையைத் தவிர்ப்பதற்கு இது காரணம் ஆகாது.

சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸில் நீர்ச்சத்து மாறி, பவரும் மாறும். ஆகவே அளவு சில வாரங்கள் நிலையாக இருந்த பின்னரே புதுக் கண்ணாடி வாங்குங்கள். இல்லையேல் அந்தச் செலவு வீணாகும். சிவப்புக்கும் அரிப்புக்கும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து, கண் அழுத்தத்தையும் கண்புரையையும் உண்டாக்க வல்லது என்பதால் அதைச் சொந்தமாகப் பயன்படுத்த வேண்டாம்.

திடீரெனக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, மின்னல்போல் ஒளி தெரிந்தாலோ, பார்வையின் ஒரு பக்கம் திரை விழுந்ததுபோல் மறைந்தாலோ அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். விழித்திரை வீக்கத்துக்குக் கண்ணை மரத்துப்போகச் செய்து போடப்படும் ஊசி தொடக்கத்தில் பெரும்பாலும் மாதந்தோறும் தேவைப்படும். இரண்டு ஊசியிலேயே பார்வை தெளிந்தாலும், மருத்துவர் சொல்லாமல் நடுவில் நிறுத்திவிடக் கூடாது.