நாற்பது படத்துக்கும் ஒரே நேரத்தில் பகுப்பு

யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படங்களின் இணையக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் படம் ஏற்றுவதோடு வேலை முடிவதில்லை. அங்கே 10 கோடிக்கும் மேல் கோப்புகள் கிடக்கின்றன. சரியான பகுப்பில், அதாவது பொருள்வாரியாகக் கோப்புகளைத் தொகுக்கும் பிரிவில், சேராத படம் யார் கண்ணிலும் படாது. தாராசுரம் கோயிலுக்குப் போய் வந்து நாற்பது படங்களை ஏற்றிவிட்டு, ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பகுப்பு சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாதிநாள் போய்விட்டது. அதற்கென்றே 'கேட்-அ-லாட்' என்ற கருவி இருப்பது அப்புறம்தான் தெரிந்தது.

உங்கள் கணக்கின் விருப்பத்தேர்வுகளில் கேஜெட்ஸ் பகுதிக்குப் போய் அதை டிக் செய்யுங்கள். இனி எந்தப் பகுப்புப் பக்கத்தைத் திறந்தாலும் வலது கீழ் மூலையில் அதன் பெயர் தெரியும். அதை அழுத்திவிட்டு, வேண்டிய படங்களை ஒவ்வொன்றாகத் தொட்டால் அவை நிறம் மாறும். முதல் படத்தைத் தொட்டு, ஷிஃப்ட்டை அழுத்தியபடி கடைசிப் படத்தைத் தொட்டால் இடையில் உள்ளவையும் சேர்ந்துவிடும். பிறகு அவற்றைச் சேர்க்க வேண்டிய பகுப்பின் பெயரை அந்தக் கருவியிலேயே தேடுங்கள். பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

இங்கேதான் கவனம் வேண்டும். 'காப்பி' கொடுத்தால் படம் பழைய பகுப்பிலும் இருக்கும், 'மூவ்' கொடுத்தால் அங்கிருந்து நீங்கிவிடும். கோயிலின் பொதுப் பகுப்பில் உள்ள தூண் சிற்பப் படங்களைச் சிற்பங்களுக்கான உட்பகுப்புக்குக் கொண்டுபோகும்போது 'மூவ்'தான் சரி. தாய்ப் பகுப்பிலும் உட்பகுப்பிலும் ஒரே படத்தை வைப்பதைக் காமன்ஸ் ஏற்பதில்லை.

ஒரே ஒரு படம்தான் என்றால் 'ஹாட்கேட்' என்ற இன்னொரு கருவி போதும். பகுப்பு வரிசையில் உள்ள கூட்டல் குறியை அழுத்தி இரண்டு மூன்று எழுத்துகள் அடித்தாலே பெயர்கள் வரிசையாக வந்துவிடும்.