சீன வரைபடத்தில் புள்ளி ஏன் தள்ளி விழுகிறது? சரிசெய்வது எப்படி?

ஷென்ஜென் நகரத்திலிருந்து சரக்கு வரவழைக்கும் ஒருவருக்கு, அங்குள்ள கிடங்குகளை கூகுள் மேப்ஸில் காட்டும் பக்கம் ஒன்றைச் செய்து கொடுத்தேன். சப்ளையர்கள் போன் ஜிபிஎஸ்ஸில் எடுத்து அனுப்பிய எண்கள் கையில் இருந்தன. ஆனாலும் ஒரு புள்ளிகூடச் சரியான இடத்தில் விழவில்லை. எல்லாமே அரை கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போய் உட்கார்ந்திருந்தன. சேட்டிலைட் படத்துக்கு மாற்றினால் மட்டும் சரியாக இருந்தது! இரண்டு நாள் நான் எழுதிய புரோகிராமை நானே திட்டிக்கொண்டு இருந்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

உலகம் முழுக்க ஜிபிஎஸ் ஒரு இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைத் தருவது டபிள்யூஜிஎஸ்-84 என்ற அளவுமுறையில். சீனப் பெருநிலப்பரப்பில் பொதுமக்களுக்கான வரைபடங்களை அப்படியே அந்த முறையில் வெளியிட அனுமதி இல்லை. தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஜிசிஜே-02 என்ற வேறு முறைக்கு மாற்றித்தான் வெளியிட வேண்டும். அந்நாட்டு நில அளவைத் துறையின் சீனப் பெயர்ச் சுருக்கம்தான் 'ஜிசிஜே'. 02 என்பது 2002. இந்த முறை ஒவ்வொரு இடத்தையும் வெவ்வேறு அளவுக்கு நகர்த்திவிடும். அங்குள்ள புரோகிராமர்கள் இதற்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'செவ்வாய்க் கிரக அளவை'. நியாயமான பெயர்தான்.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: எண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்

போன் ஜிபிஎஸ்ஸிலிருந்து வந்தால் டபிள்யூஜிஎஸ்-84. காவ்தே, டென்சென்ட் என்ற சீன வரைபடச் சேவைகளிலிருந்து எடுத்தால் ஜிசிஜே-02. இன்னொரு சீனச் சேவையான பைடுவிலிருந்து எடுத்தால் பிடி-09; அது ஜிசிஜே-02க்கு மேல் பைடு தன் பங்குக்கு இன்னொரு முறை நகர்த்தியது. எண்ணை மட்டும் பார்த்து எது எந்த முறை என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் டேட்டாபேஸில் அட்சரேகை, தீர்க்கரேகைக்குப் பக்கத்தில் 'எந்த முறை' என்று ஒரு நெடுவரிசை (column) போட்டுவிடுங்கள்.

படி 2: அடியில் இருப்பது எந்த வரைபடம்?

வலைப்பக்கத்தில் வரைபடம் காட்டும் லீஃப்லெட் லைப்ரரியில், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தைப் போட்டிருந்தால் அது டபிள்யூஜிஎஸ்-84. ஜிபிஎஸ் எண்ணை அப்படியே போடலாம், எதையும் மாற்ற வேண்டாம். கூகுளின் சாலை வரைபடம் சீனப் பெருநிலப்பரப்புக்குள் ஜிசிஜே-02, ஆனால் அதன் சேட்டிலைட் படம் நகர்த்தப்படாதது. அதனால்தான் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் சாலைகள் கட்டடங்களின் தலைமேல் ஓடுகின்றன.

படி 3: மாற்றுங்கள், ஆனால் கழித்தல் கணக்கு போடாதீர்கள்

எண்ணின் முறையும் வரைபடத்தின் முறையும் வேறாக இருந்தால், எண்ணை வரைபடத்தின் முறைக்கு மாற்ற வேண்டும். எல்லாரும் முதலில் செய்யும் தப்பு இது: ஒரு புள்ளி எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளந்து, அதையே எல்லாவற்றிலும் கழிப்பது. ஷென்ஜெனில் 22.543847, 113.912316 என்ற ஜிபிஎஸ் புள்ளி (அட்சரேகை முதலில்) ஜிசிஜே-02இல் 22.540796, 113.917176 ஆகிறது, சுமார் 600 மீட்டர் தென்கிழக்கே. பெய்ஜிங்கில் 39.911954, 116.377817 என்ற புள்ளி 39.913345, 116.384047 ஆகிறது, சுமார் 550 மீட்டர், ஆனால் இந்த முறை கிழக்கோடு கொஞ்சம் வடக்கே. திசையே மாறுகிறது, பாருங்கள்.

சூத்திரத்தை அரசு வெளியிடவில்லை. ஆனாலும் அந்தக் கணக்கு வெளியே கசிந்து, இன்று ஜிகோர்ட் போன்ற திறமூல ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளில் கிடைக்கிறது. அதில் தீர்க்கரேகையை முதலில் கொடுக்க வேண்டும். மாற்றிச் செய்தபின், மேலே உள்ள இரண்டு புள்ளிகளையும் வைத்துச் சரிபாருங்கள். மூல எண்ணை மட்டும் அழிக்காதீர்கள். திரும்பி மாற்றும்போது கொஞ்சம் துல்லியம் போய்விடும்.

படி 4: சென்னையை நகர்த்திவிடாதீர்கள்

நான் வசமாக மாட்டியது இங்கேதான். ஷென்ஜென் புள்ளிகள் சரியான இடத்துக்கு வந்த சந்தோஷத்தில், டேட்டாபேஸ் முழுவதையும் லைப்ரரியின் அதே மாற்றும் ஃபங்ஷன் வழியாக அனுப்பிவிட்டேன். 'சீனாவுக்கு வெளியே இருந்தால் மாற்றாதே' என்று ஒரு சோதனை அதற்குள்ளேயே இருந்தது என்ற தைரியம். அந்தச் சோதனையைத் திறந்து பார்த்தால் அது வெறும் ஒரு செவ்வகம்! பல லைப்ரரிகளில் அதன் எல்லை தீர்க்கரேகை 72.004 முதல் 137.8347 வரை, அட்சரேகை 0.8293 முதல் 55.8271 வரை. சென்னை 13.08, 80.27. மதுரை, யாழ்ப்பாணம், கொழும்பு எல்லாமே அந்தப் பெட்டிக்குள் அடக்கம். வாடிக்கையாளரின் சென்னை குடோன் 200 மீட்டருக்கு மேல் தென்கிழக்கே நகர்ந்து, ஆட்டோக்காரர் போன் செய்து கேட்கும் நிலைமை.

எனவே லைப்ரரியின் செவ்வகத்தை நம்பாமல், ஒவ்வொரு முகவரிக்கும் நாட்டுக் குறியீட்டை நீங்களே சேமித்து, சீனப் பெருநிலப்பரப்பு என்றால் மட்டும் மாற்றுங்கள். ஹாங்காங்கையும் மக்காவையும் தனியாகப் பிரித்துவிடுங்கள். ஷென்ஜெனிலிருந்து எல்லை தாண்டினால் ஹாங்காங். அங்கே கூகுளின் சாலை வரைபடம் நகர்த்தப்படவில்லை.

படி 5: பார்ப்பவர் சீனாவுக்குள் இருந்தால்

இதுவரை சொன்னது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு. சீனாவுக்குள் இருப்பவர்களுக்கான தளம் என்றால் கணக்கே வேறு. 2016 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள வரைபட மேலாண்மை விதிகளின்படி, இணைய வரைபடச் சேவை தருவோர் வரைபடத் தரவுள்ள சர்வரைச் சீனாவுக்குள்தான் வைக்க வேண்டும். அதற்கு நில அளவைத் தகுதிச் சான்றும் வேண்டும். நம்மைப் போன்றவர்கள் அந்தப் பக்கமே போகாமல், சான்று உள்ள காவ்தே, டென்சென்ட், பைடு இவற்றில் ஒன்றின் ஏபிஐயை (அவர்கள் வரைபடத்தை நம் தளத்தில் காட்டும் இணைப்பு வசதி) எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். சொந்தமாக ஜிபிஎஸ் வைத்துத் தெருத் தெருவாக அளந்து சேர்க்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அனுமதி இல்லாமல் அளப்பது அங்கே சட்டமீறல்.

அப்புறம், அந்த வரைபடங்களின் மூலையில் சின்ன எழுத்தில் ஒரு எண் தெரியும். அது அரசு ஒப்புதல் எண். டிசைன் அழகாக இல்லை என்று சிஎஸ்எஸ் போட்டு அதை மறைத்துவிடாதீர்கள்.