மஞ்சள் தேநீரைப் பக்குவமாகத் தயாரிக்கும் முறை

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் தேநீர் என்று சொன்னால், 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற தம் ஊர் மஞ்சளைத் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்த பானம் என்றே பலரும் எண்ணுவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவரும் கோப்பையைப் பார்த்தவுடன், "மஞ்சத்தூள் போட்டதுங்களா?" என்றுதான் கேட்டார். இங்கே சொல்லப்படுவது மஞ்சள் கிழங்கோடு தொடர்பில்லாதது. வால்பாறை மலையில் வளரும் அதே தேயிலைச் செடி இனத்தின் இளந்தளிரைச் சீனாவில் தனிப் பக்குவத்தில் பதப்படுத்தி எடுக்கும் தேயிலை இது.

பறித்த தளிரைச் சூடான வாணலியில் வாட்டி, இலையைக் கறுக்கச் செய்யும் நொதிகளை முடக்குவது வரை இதுவும் பச்சைத் தேயிலையும் ஒன்றே. அதன்பின், ஈரமும் வெதுவெதுப்பும் மாறுவதற்குள் துணியிலோ காகிதத்திலோ பொதிந்து வைக்கிறார்கள். சில மணி நேரம் முதல் சில நாட்கள் வரை நீளும் அந்தப் புழுக்கத்தில் பச்சையம் சிதைந்து இலை மஞ்சளாகிறது, பச்சை நெடி அடங்குகிறது, துவர்ப்பும் தணிகிறது. ஹூனான் மாகாணத்தின் டோங்டிங் ஏரித் தீவில் விளையும் ஜுன்ஷான் யின்ஷென்னும், சிச்சுவானின் மெங்டிங் ஹுவாங்யாவும் இவ்வகையில் பெயர்பெற்றவை. உழைப்பு அதிகம் என்பதால் இதைச் செய்வோர் குறைவு. பச்சைத் தேயிலையையே இந்தப் பெயரில் விற்பதும் உண்டு என்பதால், வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். புல் வாசனை தூக்கலாக இருந்தால் ஐயப்படலாம்.

தயாரிப்பில் முதலில் கவனிக்க வேண்டியது தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து தேயிலையின் சாரத்தோடு சேர்ந்து மேலே ஆடை போலப் படியும்; நிறமும் மங்கிவிடும். பாலும் சர்க்கரையும் கலந்த தேநீரில் இந்தக் குறை தெரியாது, இதில் உடனே தெரியும். சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீடுகளுக்கு இந்தக் கவலை இல்லை. பிற ஊர்களில் சமையலுக்கென்று தனியே பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது சூடு. தேயிலையைப் போட்டுக் கொதிக்கவிடும் நம் வழக்கம் இதற்கு ஒத்துவராது. மென்மையான மணம் ஆவியோடு போய், கசப்பு மட்டும் மிஞ்சும். நீர் ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால், தளதளவென்று கொதித்த நீர் 3 பங்குக்கு, ஏற்கெனவே காய்ச்சி ஆறவைத்த நீர் 1 பங்கு கலந்தால் ஏறத்தாழ அந்தச் சூடு கிடைத்துவிடும். கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்தில் 3 கிராம் தேயிலையிட்டு, 200 மில்லி நீரை ஓரமாக ஊற்றி, 2 முதல் 3 நிமிடங்களில் வடித்துவிடுங்கள். இரும்புப் பாத்திரம் வேண்டாம், சாறு கறுத்துவிடும். அதே இலையில் இன்னும் இரண்டு முறை இறக்கலாம். ஒவ்வொரு முறையும் ஊறும் நேரத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள். பால் சேர்க்கக் கூடாது. நாட்டுச்சர்க்கரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதன் மணம் இதை மூடிவிடும் என்பதால், அதையும் தவிர்ப்பதே என் பரிந்துரை.

உடல்நலத்தைப் பொறுத்தவரை, இதில் கேட்டசின் முதலான பாலிபினால்களும், தியானின் என்ற அமினோ அமிலமும், காஃபினும் உள்ளன. காஃபின் தரும் சுறுசுறுப்பு உண்மையானது. உடல் எடையைக் கரைக்கும், சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்பன போன்ற விளம்பரங்களை நம்பி, மருத்துவர் கொடுத்த மாத்திரையை யாரும் நிறுத்திவிடக் கூடாது. எல்லாப் பானங்களிலிருந்தும் சேர்த்து, நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் காஃபின் வரை நலமுள்ள பெரியவர்களுக்கும், 200 மில்லிகிராம் வரை கர்ப்பிணிகளுக்கும் கவலைக்குரியதன்று என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் வரையறுத்தது. உறக்கம் கெடுபவர்கள் மாலையில் குடிக்க வேண்டாம்.

நம் பகுதியினர் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது இரும்புச்சத்து. கம்பு, கொள்ளு, கீரை ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் இரும்பு உடலில் சேர்வதைத் தேநீரின் பாலிபினால்கள் தடுக்கின்றன. ஆகவே சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரத்தசோகை உள்ளவர்களும் இரும்பு மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது.