அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஹேவ்லாக்கில்: டைவ் ரிசார்ட் நண்பர்களிடம் ஓய்வெடுக்கப் போகிறவர்களுக்கு

"உடம்பு தேறுற வரைக்கும் இங்கே வந்து இரு" என்று அந்தமானின் ஹேவ்லாக் தீவில் டைவ் ரிசார்ட் (கடலுக்கடியில் நீந்திப் பார்க்க வருகிறவர்கள் தங்கும் விடுதி) நடத்தும் நண்பர்கள் கூப்பிட்டால் தாராளமாகப் போகலாம். ஆனால் டைவ் ரிசார்ட் என்பது அடிப்படையில் ஒரு வேலைத்தளம். விடியும்போதே படகில் காற்று சிலிண்டர் ஏற்றுவார்கள், மாலையில் அவற்றை நிரப்பும் கம்ப்ரஸர் ஓடும், இரவில் மறுநாள் யார் யார் எந்தப் படகில் என்று பட்டியல் போடுவார்கள். அங்கே ஓய்வு தானாக அமையாது. கிளம்பும் முன்பே பேசி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் பித்தப்பை, குடல்வால், ஹெர்னியா மாதிரி வயிற்று அறுவை முடிந்து சிக்கல் இல்லாமல் தேறி வருகிறவர்களுக்கு. இதயம், நுரையீரல், கண் என்றால் கணக்கே வேறு. விழித்திரை அறுவையில் கண்ணுக்குள் வாயு வைத்திருந்தால், அது முழுதாகக் கரையும்வரை விமானத்தில் ஏறவே கூடாது.

எப்போது கிளம்பலாம்

பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய 8,000 அடி உயர மலையில் இருப்பது போலத்தான். உடம்புக்குள் அடைபட்ட வாயு அங்கே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு விரியும். லேப்ராஸ்கோபிக்காக (சிறு துளைகள் வழியாகச் செய்யும் அறுவை) வயிற்றில் ஊதிய வாயு சில நாட்களில் உடம்பிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். ஆகவே சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணம் பெரிய தடை இல்லை. யோசிக்க வேண்டியது போய்ச் சேரும் இடத்தைப் பற்றி. ஹேவ்லாக்கில் (2018 முதல் அரசுப் பெயர் ஸ்வராஜ் தீவு) சிறிய அரசு சுகாதார நிலையம்தான் உண்டு. அறுவை நிபுணர் வேண்டுமானால் கடல் தாண்டி போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) உள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அதனால் தையல் பிரித்து, முதல் மறுபரிசோதனை முடிந்து, பயாப்ஸி (திசுப் பரிசோதனை) எடுத்திருந்தால் அதன் முடிவும் கைக்கு வந்த பிறகு கிளம்புங்கள். லேப்ராஸ்கோபி என்றால் மூன்று வாரம், வயிற்றைத் திறந்து செய்தது என்றால் ஆறு வாரம் கழித்து என்று வைத்துக்கொள்வது நல்லது. கடைசிச் சொல் உங்கள் மருத்துவருடையது. அவரிடம் பயணத் தகுதிச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில விமான நிறுவனங்கள் கேட்கும்.

மாதம் என்று பார்த்தால் பிப்ரவரி முதல் ஏப்ரல் பாதி வரை. கடல் அமைதியாக இருக்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு நெரிசலும் ஓய்ந்திருக்கும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. படகுகள் திடீரென்று ரத்தாகும். டிசம்பர் கடைசியில் மட்டும் போகாதீர்கள். ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கைச் சம்பாதிக்கும் வாரங்களில் ஓர் அறையை உங்களுக்குக் கொடுத்துவிட்டு, நண்பர் தன் நஷ்டத்தை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்.

நண்பரிடம் முன்பே பேச வேண்டியவை

முதலில் அறை. கம்ப்ரஸர் கொட்டகையும் ஜெனரேட்டரும் எந்தப் பக்கம் என்று கேட்டு, எதிர்ப்பக்கத்து அறையைக் கேளுங்கள். கடல் பார்த்த அறைதான் நல்லது என்று நினைப்பீர்கள். படகு ஏற்றும் இடமும் அங்கேதான், ஐந்தரை மணிக்கே சிலிண்டர் மோதும் சத்தம் கேட்கும். தோட்டத்துப் பக்கம் பின்வரிசை அறையே மேல். மூங்கில் குடில்கள் சிலவற்றுக்கு நான்கைந்து படிகள் இருக்கும். தரைமட்டத்தில் இருப்பதைக் கேளுங்கள். வெஸ்டர்ன் கழிப்பறை, கொசுவலை இரண்டும் அவசியம். கட்டில் முழங்கால் உயரத்துக்காவது இருக்க வேண்டும். தரையோடு கிடக்கும் மெத்தையிலிருந்து எழும்போது முழுப் பாரமும் வயிற்றுத் தசையில்தான் விழும்.

அடுத்து பணம். நட்பில் இதைப் பேசக் கூசும், ஆனால் பேசாமல் விட்டால்தான் கசக்கும். அறையை அவர்கள் இலவசமாகக் கொடுத்தாலும் சாப்பாடு, துணி துவைத்தல், ஆட்டோ இவற்றுக்கு வாரக் கணக்கில் கொடுத்துவிடுங்கள். சமையல்காரருக்கும் அறை சுத்தம் செய்கிறவருக்கும் தனியாக. தீவில் ஏடிஎம் சில மட்டுமே, அதிலும் பணம் தீர்ந்திருக்கும். ரொக்கத்தை போர்ட் பிளேரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம்: "இந்தத் தடவை டைவ் கிடையாது, படகில் சும்மா உட்காரவும் வரமாட்டேன்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். எல்லாரும் மந்தா ரே (ராட்சதத் திருக்கை மீன்) பார்த்த கதையோடு திரும்பி வரும்போது மனசு தடுமாறும். சும்மா இருக்கிறோமே என்று கவுண்டரில் உட்கார்ந்து கணக்கு எழுதவும் போகாதீர்கள். ஒருநாள் செய்தால் அது உங்கள் வேலையாகிவிடும்.

பயணம்

சென்னை விமானமும் ஹேவ்லாக் படகும் ஒரே நாளில் வேண்டாம். போர்ட் பிளேரில் ஓர் இரவு தங்குங்கள். தமிழ் நன்றாகப் புழங்கும் ஊர், இட்லிக்கும் ரசத்துக்கும் பஞ்சமில்லை. விமானத்தில் நடைபாதை ஓர இருக்கை, சக்கர நாற்காலி இரண்டையும் இரண்டு நாளைக்கு முன்பே கேட்டு வையுங்கள். சீட் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே வைக்க ஒரு சிறு தலையணை வேண்டும். இருமல், தும்மல் வந்தால் அதையே வயிற்றோடு அழுத்திக்கொள்ளலாம். படகு குதிக்கும்போதும் அதுதான் துணை.

தனியார் விரைவுப் படகுகள் ஒன்றரை மணி முதல் இரண்டரை மணி நேரம் எடுக்கும். அலை இருந்தால் முன்பகுதி தூக்கித் தூக்கிப் போடும். ஆகவே கீழ்த்தளத்தில், நடுவிலிருந்து பின்பக்கமாக இடம் பாருங்கள். வாந்தி எடுப்பது தையலுக்கு நல்லதல்ல. குமட்டல் மாத்திரையைப் படகேறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், எது என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு. பெட்டியை நீங்கள் தூக்க வேண்டாம்.

மருந்துகள் தங்கும் நாட்கள் முழுவதற்கும், அதற்கு மேல் ஒரு வாரத்துக்கும் சேர்த்துக் கைப்பையில் இருக்கட்டும். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறவர்கள் வெயிலில் தோல் சுடும் என்பதை மறக்க வேண்டாம்.

அங்கே ஒரு நாள்

இந்திய நேரம்தான் என்றாலும் தீவு வெகு கிழக்கே இருப்பதால் ஐந்து, ஐந்தரைக்கே விடிந்துவிடும், மாலை ஐந்தரை வாக்கில் இருட்டத் தொடங்கும். எட்டு மணி வெயிலே சுள்ளென்று இருக்கும். அதனால் நடை காலை ஆறு மணிக்குள். முதல் வாரம் பத்து நிமிடம், காலை மாலை இரு வேளை; வலி கூடவில்லை என்றால் வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். மதியம் தூக்கம். இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு.

சமையலறை பெரும்பாலும் வங்காளிக் கைப்பக்குவம். அங்கே குடியேறியவர்களில் மிகுதியானோர் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள். கடுகெண்ணெயும் மிளகாயும் தூக்கலாக இருக்கும். பித்தப்பை எடுத்தவர்கள் எண்ணெயைக் குறைக்கச் சொல்ல வேண்டும். காய்கறியில் நிறைய கப்பலில் வருவதுதான், புயல் வந்தால் தட்டுப்பாடு. பப்பாளி, வாழைப்பழம், இளநீர் எப்போதும் கிடைக்கும். வலி மாத்திரையால் மலச்சிக்கல் வந்து முக்கினால் வயிற்றுக்கு ஆபத்து என்பதால் பப்பாளியை அங்கே மருந்தாகவே நினைத்துக்கொள்ளலாம்.

காயமும் கடலும்

பொருக்கு உதிர்ந்து, எங்கேயும் கசிவில்லாமல் தோல் மூடிய பிறகுதான் கடல் நீர் படலாம். லேப்ராஸ்கோபி துளைகளில் தொப்புளைக் கடைசியாகப் பாருங்கள். மடிப்புக்குள் ஈரம் தங்கி அதுதான் மெதுவாக ஆறும். நீர் புகாத பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு இறங்கலாமா என்று கேட்பார்கள், கூடாது. புழுக்கத்தில் அதன் அடியிலேயே வியர்வை சேர்ந்து தோல் ஊறிப்போகும்.

மணல் ஈக்கள் இன்னொரு தொல்லை. கடித்த இடம் நாள்கணக்கில் அரிக்கும், சொறிந்தால் சீழ் பிடிக்கும். மணலில் நேரே உட்காராமல் நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள், காலில் தேங்காயெண்ணெய் தடவுங்கள்.

காயம் ஆறியதும் முழங்கால் ஆழத்தில் நடக்கலாம். ஐந்தாம் எண் கடற்கரையில் தண்ணீர் வற்றும்போது பாறையும் பவளமும் வெளியே தெரியும். கெட்டிச் செருப்பு இல்லாமல் இறங்க வேண்டாம். ராதாநகர் கடற்கரையில் அலை இழுக்கும். காவலர் இருக்கும் இடத்தில் மட்டும். 2010இல் அதன் அருகே ஸ்னார்கல் (முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி நீர்மட்டத்தில் நீந்துவது) செய்த பயணி ஒருவரை முதலை கொன்றது. அலையாத்திப் புதர் உள்ள ஓடை முகத்துவாரங்களை அந்தி நேரத்தில் தவிர்த்துவிடுங்கள்.

ஸ்னார்கலை டைவிங்கின் தம்பி என்று எண்ணி முதல் மாதத்திலேயே ஆரம்பிக்கிறார்கள். ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) உதைப்பதும் படகு ஏணியைப் பிடித்து ஏறுவதும் வயிற்றுத் தசை வேலைதான். டைவிங் அதைவிட மேலே: காற்று நிரப்பிய வழக்கமான அலுமினிய சிலிண்டர் ஒன்றே 16 கிலோவுக்கு மேல். ஐந்து கிலோவுக்கு மேல் தூக்காதே என்று மருத்துவர் சொன்ன உடம்புக்கு அது பொருந்தாது. டைவ் மையங்களில் தரும் உடல்நலப் படிவத்திலும் கடந்த 12 மாதத்தில் அறுவை சிகிச்சை நடந்ததா என்ற கேள்வி உண்டு. ஆமாம் என்றால் மருத்துவர் கையெழுத்து வேண்டும். நண்பர்தானே என்று நினைத்து 'இல்லை' என்று எழுதிவிட்டால், விபத்து நேரும்போது மாட்டுவது அவருடைய பயிற்றுநர்.

உடனே நகர வேண்டிய அறிகுறிகள்: 38 டிகிரி செல்சியஸுக்கு (100.4 பாரன்ஹீட்) மேல் காய்ச்சல், காயத்தைச் சுற்றிப் பரவும் சிவப்பு அல்லது சீழ், நிற்காத வாந்தி, ஒரு காலில் மட்டும் கெண்டைச் சதை வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல். இவற்றில் எது வந்தாலும் "காலையில் பார்த்துக்கலாம்" என்று விடாதீர்கள். மாலையில் கடைசிப் படகு போய்விட்டால் போர்ட் பிளேருக்குப் போவது அவசர ஏற்பாடாகிவிடும். சுகாதார நிலையத்தின் எண், அவசரத்துக்குப் படகோ ஹெலிகாப்டரோ யார் மூலம் கேட்பது என்பது, இரண்டையும் வந்த முதல் நாளே நண்பரிடம் எழுதி வாங்கி அறைக் கதவில் ஒட்டி வையுங்கள்.

திரும்பும்போதும் விமானத்துக்கு முந்தைய நாளே போர்ட் பிளேர் வந்துவிடுங்கள். படகு ரத்தானால் விமானமும் போகும்.