மின்சைக்கிளுக்கு டயர் வாங்கப் போகிறீர்களா? பின்சக்கரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்

சாதா சைக்கிளில் பஞ்சர் ஆனால் அரைமணி நேர வேலை. மின்சைக்கிளில், அதுவும் மோட்டார் இருக்கும் பின்சக்கரத்தில் ஆனால், அன்றைய பொழுது போச்சு. சக்கரத்தைக் கழற்றுவதென்றால் மோட்டார் வயரைப் பிரிக்க வேண்டும், அச்சு நட்டு இரண்டும் கையை உடைக்கிற மாதிரி இறுகிக் கிடக்கும், வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்று மறந்துவிட்டால் திரும்ப மாட்டும்போது சக்கரம் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கும். அதனால் யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: கையில் இருக்கும் காசைப் பின் டயரில் போடுங்கள்.

நம் சிங்கப்பூரில் இன்னொரு காரணமும் இருக்கிறது. மின்சைக்கிளை நடைபாதையில் ஓட்டக்கூடாது, சாலை அல்லது சைக்கிள் பாதைதான். சாலை என்றால் இடது ஓரம். நடுச்சாலையில் கிடக்கும் கண்ணாடித் துண்டு, ஸ்டேப்பிள் பின், ஆணி எல்லாவற்றையும் வண்டிகளின் சக்கரம் தட்டித் தட்டி சாலையோர மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில்தான் கொண்டுவந்து சேர்க்கும். துவாஸ், ஜூரோங் தொழிற்பேட்டைப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு லாரி டயர் கம்பியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டயர் வெடித்துச் சிதறும்போது அதற்குள்ளிருக்கும் மெல்லிய கம்பி இழைகள் உதிரும், கண்ணுக்கே தெரியாது, ஆனால் டியூப் வரை போய்விடும். இதில் மழை வேறு. நனைந்த ரப்பரைக் கண்ணாடி சுலபமாக வெட்டிவிடும், தண்ணீரே எண்ணெய் போட்ட மாதிரி வேலை செய்கிறது. மழை விட்டதும் கிளம்புகிற அந்த நேரத்தில்தான் எனக்குப் பாதிப் பஞ்சர்கள் ஆகியிருக்கின்றன.

மின்சைக்கிளின் சின்னச் சக்கரத்தில் டயர் ஏன் சீக்கிரம் தேய்கிறது என்று பலர் கேட்கிறார்கள். கணக்குப் போட்டால் புரியும். 14 அங்குலச் சக்கரத்தில் தடித்த டயர் போட்டால் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.15 மீட்டர் போகும். பெரிய 700 சைஸ் சைக்கிள் சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் போகும். அதாவது ஒரே கிலோமீட்டருக்கு நம் சின்ன டயர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சுற்றுகிறது, ஒவ்வொரு இடமும் இரண்டு மடங்கு தடவை தரையில் உரசுகிறது. டயர் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் இதை யோசிக்கவும்.

சரி, வாங்கும் விஷயத்துக்கு வருவோம். முதலில் அளவு. 16 அங்குலம் என்று மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். டயரின் பக்கவாட்டில் 57-305 என்பது போல இரண்டு எண் இருக்கும், முதல் எண் அகலம், இரண்டாவது எண் டயர் ரிம்மில் (சக்கரத்தின் உலோக வளையத்தில்) உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டுமே மில்லிமீட்டரில். இரண்டாவது எண்தான் ஜாதகம். 16 x 1.75 என்றால் 305, ஆனால் 16 x 1 3/8 என்றால் 349! இரண்டும் 16 அங்குலம்தான், ஒன்றில் மற்றது உட்காரவே உட்காராது. 20 அங்குலத்திலும் இதே கூத்து: 406 ஒன்று, 451 ஒன்று. இணையத்தில் மலிவாகக் கிடைத்தது என்று நான் 349 வாங்கி, அது ரிம்மைச் சுற்றி வளையல் மாதிரி தொங்கியதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அகலத்தில் கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை, மட்கார்டிலும் ஃபிரேமிலும் உரசாமல் இருந்தால் சரி. ரொம்பப் பெரிதாகப் போட்டால் இன்னொரு சிக்கல் வரும். மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் சக்கரத்தின் சுற்றளவை வைத்துத்தான் வேகத்தைக் கணக்கிடுகிறது, மணிக்கு 25 கிலோமீட்டரில் மோட்டார் நிற்க வேண்டும் என்பதும் அந்தக் கணக்கில்தான், டயர் பெரிதானால் கணக்கு தப்பும். மோட்டார்பைக் டயரைத் திணிக்கிற ஐடியா இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், நம் வண்டியின் சொந்த எடைக்கு வரம்பே 20 கிலோதான்.

அடுத்தது பஞ்சர் தடுப்புப் பட்டை. நீடித்து உழைப்பதில் பெரிய வித்தியாசம் இங்கேதான், ரப்பர் எவ்வளவு கெட்டி என்பதில் இல்லை. கெட்டி ரப்பர் மெதுவாகத் தேயும், உண்மை, ஆனால் ஈரத்தில் வழுக்கும். நனைந்த வெள்ளைக் கோட்டிலும் சாக்கடை இரும்பு மூடியிலும் ஒருமுறை சறுக்கினால் தெரியும். நல்ல டயரில் வெளி ரப்பருக்கும் துணிக்கும் நடுவே தனியாக ஒரு படலம் இருக்கும். ஷ்வால்பே மாரத்தான் பிளஸில் அது 5 மில்லிமீட்டர் தடிமனான நீல ரப்பர், ஸ்டேப்பிள் பின் உள்ளே போனாலும் டியூபைத் தொடாது. எடை கூடும், விலையும் கூடும், எல்லாச் சின்ன அளவிலும் கிடைக்காது. கிடைக்கவில்லையா, வேறு கம்பெனியில் பஞ்சர் தடுப்பு என்று பெயரிட்டிருப்பதைக் கையில் எடுத்து நடுப்பகுதியை இரண்டு விரலால் மடித்துப் பாருங்கள். சாதா டயர் சப்பாத்தி மாதிரி மடங்கும், பட்டை உள்ளது எதிர்த்து நிற்கும். பக்கவாட்டில் இ-50, ஈசிஇ ஆர்75 என்றெல்லாம் போட்டிருப்பது வேகமான வண்டிகளுக்கான சான்று. நம் 25-க்கு அது தேவையில்லை, அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

பட்டன் பெரிதாக இருக்கிற மலை டயர் பார்க்க மிரட்டலாக இருக்கும். தார்ச்சாலையில் அந்தப் பட்டன்கள் நெளிந்து நெளிந்து சீக்கிரமே மழுங்கிவிடும், பேட்டரியையும் தின்னும். ஓரளவு வழவழப்பான டயரே போதும். இந்த வேகத்துக்கும் அகலத்துக்கும் சைக்கிள் டயர் தண்ணீர்மேல் மிதந்து பிடியை விடாது.

காற்றில்லாத திட ரப்பர் டயரைப் பற்றி நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பஞ்சர் ஆகாதுதான். ஆனால் ஒவ்வொரு மேடும் நேராக ஸ்போக்ஸுக்கும் முதுகெலும்புக்கும் போகும், பின்னால் சாப்பாட்டுப் பை வைத்து ஓட்டுகிறவர் என்றால் பையில் இருக்கும் சூப்பின் கதி என்ன என்று நினைத்துக்கொள்ளுங்கள். நான் வேண்டாம் என்பேன். டியூபுக்குள் ஊற்றும் பசை சின்ன ஓட்டைகளை அடைக்கும், இந்தச் சூட்டில் சில மாதத்தில் காய்ந்துவிடும், அப்புறம் ஒட்டுப் போடப் போனால் கையெல்லாம் பிசுபிசு.

எவ்வளவு நல்ல டயர் வாங்கினாலும் காற்று குறைவாக இருந்தால் எல்லாம் வீண். எவ்வளவு அழுத்தம் என்று டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும், 280 கேபிஏ என்றால் சுமார் 40 பிஎஸ்ஐ. அது உச்ச வரம்பு, பின்சக்கரத்துக்கு அதை ஒட்டியே வையுங்கள், முன்னுக்குக் கொஞ்சம் குறைக்கலாம். பஞ்சரே இல்லாவிட்டாலும் டியூபிலிருந்து காற்று கசியும், வாரத்துக்கு ஒருமுறை அளவுகாட்டி உள்ள பம்பில் பாருங்கள். விரலால் அழுத்திப் பார்ப்பது கணக்கில்லை.

பழைய டியூபைத் தூக்கிப் போடும் முன் ஓட்டை எங்கே என்று பாருங்கள், அது காரணத்தைச் சொல்லிவிடும். பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டையா? காற்று குறைவு, பள்ளத்தில் இறங்கியபோது ரிம் நசுக்கியிருக்கிறது. வெளிப்பக்கம் ஒரே ஒரு ஓட்டையா? டயருக்குள் இன்னும் அந்தக் கம்பி உட்கார்ந்திருக்கலாம், துணியை உள்ளே மெதுவாக ஓட்டித் தேடுங்கள், விரலை ஓட்டாதீர்கள். உள்பக்கம், அதாவது ரிம் பக்கம் ஓட்டையா? டயரை மாற்றியும் பயனில்லை, ஸ்போக்ஸ் துளைகளை மூடும் ரிம் டேப் நகர்ந்திருக்கும். எனக்கு ஒரே மாதத்தில் மூன்று முறை இப்படி ஆகி, மூன்றாவது முறைதான் அந்த டேப்பைப் பார்த்தேன். புது டியூப் வாங்கும்போது வால்வையும் கவனியுங்கள், மோட்டார் சக்கரத்தில் பம்பு நுழைய இடமில்லாததால் வளைந்த வால்வு வேண்டியிருக்கும்.

இன்னொன்று, பஞ்சர் ஒட்ட மோட்டார் சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும் என்றில்லை. வண்டியைச் சாய்த்து, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் லீவரால் வெளியே எடுத்து, ஓட்டை இருக்கும் பகுதி டியூபை இழுத்து அங்கேயே ஒட்டலாம். ஒட்டுப் போடும் பசையான சொலூஷனைத் தடவியதும் அவசரப்பட்டு ஒட்டாதீர்கள், ஈரம் போய்க் கொஞ்சம் காயட்டும்.

புது டயரோ புது டியூபோ மாட்டும்போதுதான் சக்கரம் வெளியே வரும். கழற்றும் முன் இரண்டு பக்கமும் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அதைப் பாருங்கள். மாட்டும்போது மோட்டார் வயர் அச்சிலிருந்து கீழ்நோக்கி வளைந்து இருக்கட்டும், மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் சொட்டிவிடும். முதல் நாள் புளோக்கைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டி, உரசல் சத்தம் இல்லை என்று பார்த்துக்கொண்டு, இரண்டு மூன்று நாள் கழித்து அச்சு நட்டுகளை இன்னொருமுறை இறுக்கிவிடுங்கள், புதிதாக மாட்டிய சக்கரத்தில் அவை கொஞ்சம் தளரும்.